தாத்தா எதனால் இறந்தார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இந்த ஊருக்கு வந்து இறங்கியதிலிருந்து சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் சௌக்கியமாகவே இருக்கிறோம், அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எங்களுக்குக் கேள்வி, மற்றவர்கள் நலத்தையெல்லாம் அதற்கப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். மயக்கம் மறுபடி வரவில்லை என்று நேற்று மாப்பிள்ளை போனில் சொன்னார். நீ பக்கத்தில் நின்று அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பாய் என்று உன் அம்மா சொல்கிறாள், எனக்கும் அப்படித்தான் பட்டது. உண்மையாகவே வரவில்லை என்றால் சந்தோஷம். நாங்கள் தங்கியிருக்கும் அறை மாடியில் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிகிறது, ஆனால் சுத்தமான இடம், வெந்நீர் நிற்காமல் வருகிறது. வீட்டுக்கார அம்மா ஒரு பூனை வளர்க்கிறாள், அது உன் அம்மா மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பூனை என்றாலே முகத்தைச் சுளிப்பவள், இப்போது அதற்காகப் பால் வாங்கி வைக்கிறாள்.

கொஞ்ச நாளாக உன்னிடம் பேசும்போதெல்லாம் மழையைப் பற்றியும் இந்தப் பூனையைப் பற்றியும் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன் என்று உனக்கே சந்தேகம் வந்திருக்கும். சொல்ல வேண்டியது வாய்வரைக்கும் வருகிறது, அப்புறம் பூனை குறுக்கே வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். எழுதி முடித்ததும் உன் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவாள், வியாழக்கிழமை டாக்டரைப் பார்ப்பதற்குள் நீ படித்துவிட வேண்டும். பயப்படாதே அம்மாடி, உனக்கு இது கெட்ட செய்தி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எதையும் சுருக்கிச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்பது உன் அம்மாவின் அபிப்பிராயம், அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் வாங்கிக்கொண்டேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள். ஆபீஸில் காரணமே தெரியாமல் மயங்கி விழுந்தாய், எல்லாப் பரிசோதனையும் செய்தும் இன்னது என்று பிடிபடவில்லை. குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று செத்துப்போனார்களா என்று டாக்டர் கேட்டார், நீ அப்பாவைப் பெற்ற தாத்தா முப்பத்தெட்டு வயதில் வெளிநாட்டில் மில் வேலையில் இருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார் என்று சொன்னாய். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறி, அப்படியென்றால் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும், தாத்தா எந்த நோயில் இறந்தார் என்று ஏதாவது மருத்துவக் காகிதம் கிடைத்தால் முடிவெடுக்க உதவும் என்றார். உன்னைப் பிரயாணம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டதால் நாங்கள் கிளம்பி வந்தோம். இவ்வளவுதானே? நாங்கள் தேடி வந்தது ஒரு சாவுக்கான காரணத்தை. அவர் செத்தார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த முப்பத்தெட்டு எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி கூடவே இருந்தது. தாத்தா வெளிநாடு போகும்போது எனக்கு நாலு வயது, செத்துவிட்டார் என்று என் தாய்மாமா வந்து சொன்னபோது ஆறு. தந்தி வந்திருக்கிறது, தறிக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டாராம் என்றார். அந்தத் தந்தியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. உன் அத்தை அன்றிலிருந்து இன்றுவரைக்கும் மாடிப்படி ஏறுவதில்லை, அப்பாவோட நெஞ்சு எனக்கும் இருக்கும் என்று சொல்லிக் கீழ்வீடாகவே பார்த்துக் குடியேறிக்கொண்டிருக்கிறாள். எனக்கு முப்பத்தெட்டு பிறந்த வருஷம் உன் அம்மாவை நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கொண்டுபோய் உட்காரவைத்து, லென்ஸ் எங்கே வாங்குவது, பிரேமுக்கு யாரிடம் சொல்வது, எல்லாம் கற்றுக்கொடுத்தேன். ஏன் இப்படி அவசரப்படுகிறாய் என்று கேட்டாள், சும்மாதான் என்றேன். அந்த வருஷம் முழுக்க இடதுபக்கமாகப் படுக்கவே மாட்டேன். முப்பத்தொன்பது பிறந்த அன்று காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அப்பாவைவிட மூத்தவனாகிவிட்டேனே என்று. வருகிற வருஷம் உனக்கு முப்பத்தெட்டு. நீ மயங்கி விழுந்தாய் என்று மாப்பிள்ளை போன் செய்தபோது எனக்கு அந்த எண்தான் முதலில் ஞாபகம் வந்தது.

சரி, இங்கே வந்த கதைக்கு வருகிறேன். நீ மெயில் எழுதி ஏற்பாடு செய்து வைத்திருந்த ஆவணக் காப்பகம் ஒரு டயர் கடைக்கு எதிரே இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் யாரும் உள்ளே போக ஆசைப்பட மாட்டார்கள். உள்ளே போனதும் பை, கோட்டு, குடை எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். பேனாவும் கூடாதாம், பென்சில் மட்டும்தான். சட்டைப்பையில் பேனா இல்லாமல் நான் வாசலைத் தாண்டியது கிடையாது, கழுத்தைத் திருகினது மாதிரி இருந்தது. உன் அம்மாவின் கையிலிருந்த இருமல் மிட்டாயையும் வாங்கி வைத்துவிட்டார்கள், அதற்காக அவர்களை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. உனக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த பெண்தான் எங்களைக் கவனித்துக்கொண்டாள். உன் வயதுதான் இருக்கும், கொண்டையில் பென்சிலைச் செருகியிருப்பாள், உன் அம்மா அவளுக்குப் பென்சில்காரி என்றே பெயர் வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலமும் எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் போயின.

முதலில் எனக்கு ஆறு வயதான அந்த வருஷத்து இறப்புப் பதிவுகளைச் சுருள் படமாகப் போட்டுக் காட்டினாள். ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், செத்தவர்கள் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருப்பார்கள். எழுத்து மங்கலாக இருக்கிறதே என்று நான் என் துணியை எடுத்து லென்ஸைத் துடைத்தேன், அதற்கு ஒருமுறை திட்டு வாங்கினேன். ஆனால் துடைத்தபிறகு பளிச்சென்று தெரிந்தது, அதை அவளும் ஒத்துக்கொண்டாள். அந்த வருஷத்தில் அப்பா இல்லை. முந்தைய வருஷம் பார்த்தோம், பிந்தைய வருஷம் பார்த்தோம், ஆஸ்பத்திரிப் பதிவு, அடக்கம் செய்த பதிவு எல்லாம் பார்த்தோம், எதிலும் இல்லை. இப்படியே நாட்கள் போயின. வேறு ஊரில் இறந்திருப்பாரோ, நாம்தான் ஊரைத் தப்பாக வைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று உன் அம்மா ஆரம்பித்துவிட்டாள். எனக்கு உன் வியாழக்கிழமைதான் கண்முன்னால் நின்றது.

அப்புறம் ஒருநாள் புதிதாக ஒரு படிவத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். பென்சில்காரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து தனியாக நிற்கிறதே அது என்ன என்று கேட்டாள். இனிஷியல், என் அப்பாவின் பெயர் என்றேன். அப்படியானால் உங்கள் அப்பாவுக்கு என்றாள். அவருடைய அப்பாவின் பெயர் இருக்கும் என்றேன். அவள் கொண்டையிலிருந்த பென்சிலை உருவி மேஜைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணு, நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பது நமக்குத் தெரியும், இவர்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது அந்த எழுத்து எதற்கு என்று கேட்டிருப்பார்கள், இவர் தன் அப்பாவின் பெயரை முழுதாகச் சொல்லியிருப்பார், அதையே குடும்பப் பெயராகப் போட்டுக்கொண்டுவிட்டார்கள். நம் பக்கத்தில் அவர் பெயர் முழுசு, அவர் அப்பா பெயர் ஓரெழுத்து. இங்கே அது தலைகீழாகிவிட்டது. இந்த ஊரில் எல்லாரும் அவரை அவர் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் தேடிக்கொண்டிருந்த பெயரில் இந்த ஊரில் யாருமே இருந்ததில்லை.

அந்தப் பெயரில் தேடியதும் மில் தொழிலாளர் அட்டை உடனே கிடைத்தது, மேலே ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. உன் அம்மா அதைப் பார்த்ததும் இது நீங்கள்தானே என்றாள். காதும் மூக்கும் அப்படியே. வேலையில் சேர்ந்த தேதி இருந்தது, தறி ஃபிட்டர் என்று போட்டிருந்தது, வேலையை விட்டு நின்ற தேதிக்கான இடம் வெறுமையாக இருந்தது. மறுபடியும் அந்த வருஷத்து இறப்புப் பதிவைப் புதுப் பெயரில் பார்த்தோம், அதிலும் இல்லை. பிற்காலத்து இறப்புப் பதிவுகளை யாருக்கும் காட்டக் கூடாது என்பது அவர்கள் விதி, எந்த வருஷம் என்று தெரிந்தால்தான் விண்ணப்பம் போட முடியும். அதனால் அவர் எதுவரை இருந்தார் என்று முதலில் கண்டுபிடியுங்கள், நூலகத்தில் தெருப் புத்தகங்கள் இருக்கின்றன என்றாள். எதுவரை இருந்தார் என்பதுதான் எங்களுக்குத் தெரியுமே என்றேன். போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

நூலகம் இரண்டு தெரு தள்ளி. தெருப் புத்தகம் என்பது வருஷத்துக்கு ஒன்றாக அச்சடித்த தடித்த புத்தகம், எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார், என்ன தொழில் என்று வரிசையாகப் போட்டிருக்கும். டெலிபோன் டைரக்டரி மாதிரிதான். அலமாரியில் ஒரு பக்கச் சுவரே அதுதான். அவர் இறந்த வருஷத்துப் புத்தகத்தை எடுத்தேன், பெயர் இருந்தது, தறி ஃபிட்டர், ஒரு செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே அறை. அடுத்த வருஷத்துப் புத்தகத்திலும் இருந்தது. முன்கூட்டியே அச்சடித்திருப்பார்கள் என்றேன். அதற்கடுத்த வருஷத்திலும் இருந்தது. எடுக்க மறந்திருப்பார்கள், நம் கடை நோட்டில்கூடச் செத்துப்போன வாடிக்கையாளர் பெயரெல்லாம் அப்படியே கிடக்கவில்லையா என்றாள் உன் அம்மா. நானும் ஆமாம் என்றேன். நான் புத்தகத்தை எடுப்பேன், அவள் விரல் வைத்து அந்தத் தெருவைத் தேடிப் பிடிப்பாள், இருக்கும், மூடி வைப்போம், அடுத்ததை எடுப்பேன். எனக்குப் பத்து வயதான வருஷம் இருந்தார். நான் கல்லூரிக்குப் போன வருஷம் இருந்தார். எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்துப் புத்தகத்தைத் திறந்தபோது தறி ஃபிட்டர் என்ற இடத்தில் ஓய்வு பெற்றவர் என்று இருந்தது. உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, போதுங்க, நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். நான் நிறுத்தவில்லை. நீ பிறந்த வருஷம் இருந்தார். அதற்கு மேல் அந்தப் புத்தகங்கள் அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்கள், அலமாரி அத்துடன் முடிந்துவிட்டது.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று நீ கேட்பாய். ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டபிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வோமே, நம் கன்னம்தான் என்று தெரியும், வலிக்காது, அதுபோல இருந்தது, இன்னும் அப்படித்தான் இருக்கிறது. புத்தகங்களையெல்லாம் வரிசை மாறாமல் அடுக்கி வைத்துவிட்டு வெளியே வந்தோம், உன் அம்மா பசிக்கிறது என்றாள், ஒரு கடையில் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டோம். உப்புக் குறைவாக இருந்தது என்றுகூடச் சொன்னேன். அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்து மழையைப் பற்றிப் பேசினேன்.

மறுநாள் பென்சில்காரி அந்த மில்லை இப்போது அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள், பழைய தொழிலாளிகள் சிலர் அங்கே வழிகாட்டிகளாக இருக்கிறார்கள், அவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம் என்று சொல்லி அனுப்பினாள். பெரிய கூடம், கண்ணுக்கெட்டிய தூரம் தறிகள், ஒன்றே ஒன்றை மட்டும் வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டுகிறார்கள். ஓட்டுகிற அம்மா முன்னாள் நெசவுக்காரி, எழுபதுக்கு மேல் இருக்கும், கட்டை குட்டையான உருவம், தன் பேத்திகளிடம் பேசுவதுபோல் தறியிடம் பேசுகிறாள். போட்டிருந்த கண்ணாடி அவளுக்குப் பொருந்தவே இல்லை, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள், எனக்கு அதுவே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஆங்கிலம் பரவாயில்லை. அட்டையின் பிரதியை நீட்டினேன். போட்டோவைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தறியை நிறுத்திவிட்டாள். இந்தத் தறியைப் பூட்டியதே அவர்தான் என்றாள். அது எந்த வருஷம் என்று உன் அம்மா கேட்டாள். அந்த அம்மா சொன்ன வருஷம் நம் கடைக்குத் திறப்பு விழா நடந்த வருஷம்.

உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து நிறையச் சொன்னாள். பதினெட்டு வயதில் வேலைக்கு வந்த அவளுக்கு அறுந்த நூலைச் சேர்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானாம், அவள் பிள்ளைகளுக்கு சைக்கிள் ரிப்பேர் செய்து கொடுப்பாராம், ஆட்களை நக்கல் செய்வதில் கெட்டிக்காரராம், மேனேஜர் நடப்பதைப்போல் நடந்து காட்டுவாராம். செருப்புக் கடைக்கு மேலே செங்குத்தான படி, எழுபது தாண்டியும் இரண்டு கையிலும் சாமான் பையோடு மூச்சு வாங்காமல் ஏறுவாராம். நகரக் குளத்தில் நீந்தப் போவாராம், குளிர்காலத்திலும் விட மாட்டாராம். உன் அத்தையை நினைத்துக்கொண்டேன். உன்னைப் பள்ளியில் நீச்சலுக்கு அனுப்ப மாட்டேன் என்றதற்கு நீ ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாயே, அதையும் நினைத்துக்கொண்டேன். வேறு குடும்பம் இருந்ததா என்று உன் அம்மா நேராகவே கேட்டுவிட்டாள், எனக்குக் கேட்க வராது என்று அவளுக்குத் தெரியும். இல்லையாம். பெண் சகவாசமோ கடன் தொல்லையோ போலீஸ் தொல்லையோ எதுவும் கிடையாதாம், குடியும் இல்லையாம். வேறு குடும்பம் இருந்திருந்தால் கோபப்படவாவது நமக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும். ஒரு மனிதன் ஒரு அறையில் தனியாக இருந்து, வேலைக்குப் போய், நீந்தி, சிரித்து, வயதாகியிருக்கிறார். அவ்வளவுதான்.

இனி நான் எழுதுவதை நீ கவனமாகப் படிக்க வேண்டும், டாக்டரிடம் சொல்ல வேண்டியது இதுதான். எண்பத்தொரு வயதில் ஆஸ்பத்திரியில் இறந்தார். மில்லில் காலமெல்லாம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்ததால் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது, கடைசிச் சில வருஷம் இருமல் நிற்கவில்லை. நீச்சலையும் அப்போதுதான் விட்டார். கடைசி வாரம் நினைவு தப்பிவிட்டது, நுரையீரல் போய்ச் சிறுநீரகமும் போய்விட்டது. அந்த அம்மாதான் பக்கத்தில் இருந்திருக்கிறாள். நான் எழுதி வைத்துக்கொண்டது அவள் சொன்னபடியே இது: "இன்னைக்கு முடிஞ்சிரும், இன்னைக்கு முடிஞ்சிரும்னு டாக்டர் தினம் சொல்லுவாரு. ஆனா இதயம் மட்டும் நிக்கவே இல்ல. இந்த வயசுல இப்படி ஒரு இதயத்த நான் பாத்ததே இல்லன்னு அவரு நர்ஸுங்களக் கூப்பிட்டுக் காட்டினாரு." இதை அவள் பெருமையாகச் சொன்னாள், தெரிந்தவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்கிற மாதிரி.

அப்புறம்தான், நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன், தெரிந்தவர் என்று வந்தது. உன் அம்மா, மகன் என்றாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள், கழற்றினால்தான் அவளுக்குக் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும் என்று நான் அப்போதே நினைத்தேன். கட்டிப்பிடிக்கவோ அழவோ இல்லை, அதற்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும். "எனக்கு யாரும் இல்லன்னுதான் அவரு சொன்னாரு," என்றாள். பிறகு, தான் பொய் சொல்லவில்லை என்று என்னிடம் சத்தியம் செய்வதுபோல, "எப்பக் கேட்டாலும் அதையேதான் சொன்னாரு," என்றாள். வெளியே பள்ளிப் பிள்ளைகள் வந்து நின்றார்கள், அவள் எழுந்துபோய்த் தறியை ஓட்டிக் காட்டினாள். காது அடைக்கிற சத்தம். நாங்கள் அது முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

காகிதம் கிடைக்கிறதிலும் ஒரு சிக்கல் வந்தது. வருஷம் தெரிந்துவிட்டதால் பென்சில்காரி விண்ணப்பம் கொடுத்தாள், ரத்த சொந்தம் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் என்று இருப்பது இவர்கள் கணக்கில் ஒரு இனிஷியல், இறந்தவரின் குடும்பப் பெயருக்கும் என் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. காதையும் மூக்கையும் ஆதாரமாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டேன், பென்சில்காரி பாவம், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். ஊரிலிருந்து பத்திரங்களை வரவழைத்து மொழிபெயர்த்து முத்திரை வாங்கினால் தருவார்கள், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். கடைசியில் ஆஸ்பத்திரியில் நெருங்கியவர் என்று கையெழுத்துப் போட்டிருந்தது அந்த நெசவுக்கார அம்மா, அவள் கேட்டால் உடனே கொடுக்கலாம் என்று விதி இருந்தது. அருங்காட்சியகத்தில் அன்று விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள், கையெழுத்துப் போட்டாள், சான்றையும் ஆஸ்பத்திரிக் குறிப்பையும் வாங்கி உன் அம்மா கையில் கொடுத்தாள். என் அப்பாவின் இறப்புச் சான்றைக் கேட்க எனக்கு இல்லாத உரிமை அவளுக்கு இருந்தது. நியாயம்தானே, நான் என்ன செய்தேன் அவருக்கு, அவர்தான் எனக்கு என்ன செய்தார். உன் அம்மா அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்க் கண்ணை அளந்து சரியான கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள், பிரேமை நான்தான் பொறுக்கினேன். இப்போது தலையைத் தூக்காமல் பார்க்கிறாள்.

யார் பொய் சொன்னார்கள் என்று நீ கேட்பாய், மாப்பிள்ளையும் கேட்பார். எனக்குத் தெரியவில்லை. மாமா தானாகக் கட்டிவிட்டாரா, அப்பாவே அப்படி எழுதச் சொன்னாரா, என் அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா, யாரிடம் போய்க் கேட்பது, அத்தனை பேரும் போய்விட்டார்கள். என் அம்மா அன்று அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது யோசித்துப் பார்த்தால் அழுதது உன் அத்தை. அம்மா அன்று வீட்டைக் கழுவிவிட்டாள். அதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வர முடியும்? காப்பகத்தில் இதற்கும் ஏதாவது இருக்குமா, தேடிப் பார்க்கவா என்று பென்சில்காரி கேட்டாள். வேண்டாம் என்றேன். நான் வந்தது உனக்காக, உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ராத்திரி தூக்கமெல்லாம் வருகிறது, உன் அம்மா எழுந்து எழுந்து என்னைப் பார்த்துக்கொள்கிறாள், அவள்தான் சரியாகத் தூங்குவதில்லை. இங்கிருந்து கிளம்புமுன் கல்லறையைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டாள், போனோம். சுத்தமாக வைத்திருக்கிறார்கள். கல்லில் என் தாத்தாவின் பெயர் பெரிதாக இருக்கிறது. ஒரு நிமிஷம் நின்றோம், பஸ் வருகிற நேரமாகிவிட்டது, வந்துவிட்டோம். அழுகை வரும் என்று உன் அம்மா கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தாள், எனக்கு வரவில்லை, அவளும் அழவில்லை. உன் அத்தையிடம் போனில் எதையும் சொல்லாதே. வயதான மனுஷி, எண்பதை நெருங்கிவிட்டாள், நான் நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். சொன்னபிறகு மாடிப்படி ஏறுவாளோ ஏறாமலே இருப்பாளோ, அது அவள் இஷ்டம்.

சான்றின் படத்தையும் ஆஸ்பத்திரிக் குறிப்பின் படத்தையும் இந்தப் பக்கங்களோடு உன் அம்மா அனுப்புவாள், மூலப் பிரதி பதிவுத் தபாலில் வருகிறது. பெயர் வேறாக இருக்கிறதே என்று டாக்டர் கேட்டால் இனிஷியல் கதையைச் சொல், பென்சில்காரி தன் கையெழுத்தில் ஒரு விளக்கமும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கருவி வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், தாத்தா நன்றாக இருந்தார் என்பதற்காக நீயாக எதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடாதே. தண்ணீர் நிறையக் குடி, வெறும் வயிற்றோடு ஆபீஸுக்கு ஓடாதே, மாப்பிள்ளையைக் கூட அழைத்துக்கொண்டு போ. நீயும் அவரும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த ஆயுளோடு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வயதாக வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம்.

மறந்துவிடாமல் ஒன்று செய். போன தடவை நீ கொடுத்த பதிலை டாக்டர் எழுதி வைத்திருப்பார், வியாழக்கிழமை உள்ளே போனதும் முதல் காரியமாக அதை அடிக்கச் சொல். நம் குடும்பத்தில் சின்ன வயதில் யாரும் நெஞ்சுவலியில் சாகவில்லை. தாத்தா எண்பத்தொரு வயதில் நுரையீரல் நோயில், கூட வேலை பார்த்த ஒரு அம்மா பக்கத்தில் இருக்கச் செத்தார் என்று சொல். அப்போது உன் அப்பா எங்கே இருந்தார் என்று அவர் கேட்க மாட்டார். ஒருவேளை கேட்டால், கடையில் இருந்தார், அவருக்கு நாற்பத்தொன்பது வயது, எனக்குப் பதினாறு, நாங்கள் எல்லாரும் உயிரோடுதான் இருந்தோம் என்று சொல்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரை வைத்திருக்கும்
அப்பா